தம்பியை அடித்த கை

எனக்குச் சிறுநீரகம் கொடுத்த தம்பியை நான் கட்டையால் அடித்தேன். அவன் கொடுத்தது என் வயிற்றுக்குள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே அடித்தேன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்வது எனக்குச் சுலபம். சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள் எழுதியவற்றைப் போனில் நிறையப் படித்துவிட்டேன். எல்லாரும் கடவுளுக்கும் டாக்டருக்கும் நன்றி சொல்கிறார்கள். நானும் சொல்கிறேன். ஆனால் அந்த மாத்திரைகளோடு ஒரு வீட்டில் குடித்தனம் செய்வது எப்படி என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. அதனால்தான் நான் எழுத உட்கார்ந்தேன்.

என் பெயர் பூங்காவனம். ஜவ்வாது மலையில் ஓர் உறைவிடப் பள்ளியில் சமையல் வேலை. நூற்றிருபது பிள்ளைகளுக்குச் சோறு வடிக்கிறவளுக்கு வாய் நீளமாக இருப்பதில் தப்பில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கையும் கொஞ்சம் நீளம்தான். என் வீட்டுக்காரர் வருஷத்தில் எட்டு மாதம் குடகில் காப்பித் தோட்டத்தில் கிடப்பார். வீட்டில் நானும் அம்மாவும். நாலு எட்டு தள்ளித் தம்பி ஏழுமலையின் வீடு. அவன் பெண்டாட்டி அலமேலு. எனக்கும் அவளுக்கும் ஆரம்பத்திலிருந்தே ஆகாது.

நோய் வந்தது தெரியவே இல்லை. காலையில் முகம் உப்பியிருக்கும், அடுப்புப் புகை என்று நினைத்தேன். கால் வீங்கியது, நின்றுகொண்டே வேலை செய்வதால் என்றேன். ஒரு நாள் அண்டாவைத் தூக்கப் போனவள் மூச்சுவிட முடியாமல் சமையற்கட்டிலேயே விழுந்தேன். மலை மேல் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா பிரஷர் பார்த்துவிட்டு மறுபடியும் கருவியைச் சுற்றிப் பார்த்தார். மூன்றாவது தடவை பார்த்துவிட்டு ஜீப் பிடிக்கச் சொன்னார். போளூர் இறங்கி, அங்கிருந்து பஸ் மாறி, கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது என் நுரையீரலில் தண்ணீர் ஏறியிருந்தது. தரையில் உட்கார்ந்துகொண்டே மூழ்குவது அது. பக்கத்தில் இருந்தவரின் சட்டையை நான் கிழித்துவிட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன. இனி இயந்திரம்தான் ரத்தத்தைச் சுத்தம் செய்யும், அதற்குப் பெயர் டயாலிசிஸ். கையில் இரண்டு ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்து, அதில் கோணி ஊசி பருமனுக்கு இரண்டு ஊசி குத்துவார்கள். ஒரு தடவைக்கு நாலு மணி நேரம், வாரத்துக்கு மூன்று தடவை. மலையில் இருந்துகொண்டு அது நடக்காது என்பதால் ஆஸ்பத்திரிக்குப் பக்கம் கணியம்பாடியில் ஓர் அறை எடுத்தோம். எட்டு மாதம் அப்படி ஓடியது. ஒவ்வொரு முறையும் ஊசி குத்த வருகிற பையனை நான் திட்டாத நாளில்லை. அவன் பாவம், "குத்திட்டுத் திட்டு வாங்கறேன்கா" என்பான்.

ஏழுமலைதான் தானாக வந்து சொன்னான், என்னோடது பொருந்துதா பாருங்க என்று. பொருந்தியது. அதைக் கேட்ட அன்று அலமேலு கணியம்பாடி அறைக்கு வந்து, அடுப்பில் இருந்த குழம்புச் சட்டியை எடுத்து வாசலில் போட்டு உடைத்தாள்.

"எம் புருஷன அறுக்கறதுக்கு நீ யாரு அண்ணி? உன் வூட்டுக்காரரு எங்க? அவர அறுக்கச் சொல்லு."

"அவரு ரத்தம் சேரலடி. சேர்ந்தா கேக்க மாட்டனா?"

"நாளைக்கு இவருக்கு ஒண்ணுன்னா யாரு தருவா?"

பதில் இல்லாதபோது நான் செய்வதைத்தான் செய்தேன். அவள் தலைமுடியைப் பிடித்தேன். ஏழுமலை நடுவில் புகுந்து இருவரையும் பிரித்தான். பிறகு அவளை வெளியே கூட்டிக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் நின்று மெதுவாகப் பேசியது ஜன்னல் வழியாகக் கேட்டது. "நான் கொடுக்கலன்னா அக்கா செத்துடும் அலமேலு. செத்துட்டா அப்புறம் நான் உன்னாண்ட எப்படி மூஞ்சி கொடுத்துப் பேசுவேன்?" கொடுப்பவரின் மனைவியும் சம்மதம் சொல்ல வேண்டும் என்பது சட்டம். அதிகாரிகள் முன்னால் அவள் கையெழுத்துப் போட்டாள். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

ஆபரேஷன் ஐப்பசியில் நடந்தது. அவனுடைய இடது சிறுநீரகத்தை எடுத்து என் அடிவயிற்றின் வலது பக்கம் வைத்தார்கள். என் பழைய இரண்டையும் எடுக்கவில்லை, அவை பின்னால் அப்படியே கிடக்கின்றன. நான் கண் விழித்தபோது நர்ஸ் ஒரு பையைத் தூக்கிக் காட்டினார். அதில் என் மூத்திரம். மாதக்கணக்கில் சொட்டுக்கூட வராதவளுக்கு அது நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. நான் அழுதேன். பக்கத்து அறையில் ஏழுமலை வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். கொடுத்தவனுக்குத்தான் வலி அதிகம் என்று எல்லா டாக்டரும் சொல்கிறார்கள்.

இனி மாத்திரைக் கதை. வார்டில் ஒரு சிஸ்டர் எங்களுக்கு வகுப்பு எடுத்தார். மனித உடம்பில் காவல் நாய்கள் உண்டு, அந்நியமாக எது நுழைந்தாலும் கடித்துக் குதறும், கிருமியைக் கடிப்பது நல்லது, ஆனால் தம்பி கொடுத்த சிறுநீரகத்தையும் அவை அந்நியம் என்றுதான் நினைக்கும் என்றார். சாமைக் காட்டுக்கு நாய் வளர்க்கிற எங்களுக்கு அது உடனே புரிந்தது. இந்த மாத்திரைகள் நாய்களைக் கட்டிப்போடும் சங்கிலி. முக்கியமானது டாக்ரோலிமஸ். காலை எட்டு, இரவு எட்டு, மணி தவறக் கூடாது. குறைந்தால் நாய் அவிழ்ந்துவிடும், கூடினால் சிறுநீரகத்துக்கே விஷம். அதனால் அடிக்கடி ரத்தத்தில் அதன் அளவைப் பார்ப்பார்கள். பார்க்கிற அன்று காலை மாத்திரையை விழுங்காமல் கையில் வைத்துக்கொண்டு போய், ரத்தம் கொடுத்த பிறகுதான் போட வேண்டும். இரண்டாவது மைக்கோபினோலேட். மூன்றாவது பிரட்னிசோலோன் என்கிற ஸ்டீராய்டு. சங்கிலி போட்ட பிறகு சளிக்காரன் பக்கத்தில்கூட உட்காரக் கூடாது, கொதிக்க வைத்த தண்ணீர்தான், காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஓடி வர வேண்டும். சிஸ்டர் இன்னொன்றும் சொன்னார். மாத்திரையை விழுங்குமுன் நீங்களே எண்ணிப் பாருங்கள் என்றார். தலையை ஆட்டினேன்.

ஸ்டீராய்டு என்னை என்ன செய்தது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். முகம் பரங்கிக்காயாக உருண்டது. பசி அடங்கவில்லை. தூக்கம் கிடையாது. கோபம் என்னிடம் ஏற்கெனவே போதுமான அளவுக்கு இருந்தது, அதை இது ஊதிவிட்டது. ரசத்தில் உப்பு குறைந்தது என்று தட்டைச் சுவரில் அடித்தேன். குடகிலிருந்து பார்க்க வந்த வீட்டுக்காரர் சட்டியைத் தப்பான இடத்தில் வைத்தார் என்று கரண்டியால் அவர் முழங்கையில் போட்டேன். அவர் ஒரு வாரத்தில் திரும்பிப் போய்விட்டார், வேலை இருக்கிறது என்று சொல்லித்தான் போனார். அடித்த பிறகு அழுவேன். அழுது முடிப்பதற்குள் அடுத்த கோபம் வந்துவிடும். டாக்டரிடம் சொன்னபோது, "மாத்திரையோட வேலைம்மா, டோஸ் குறையக் குறையச் சரியாயிடும்" என்றார். அந்த வார்த்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். யாரை அடித்தாலும் மாத்திரைதான் அடித்தது என்று சொல்ல ஒரு வழி கிடைத்தது.

மூன்று மாதம் கழித்து, தை பிறந்து மலைக்குத் திரும்பினோம். டாக்ரோலிமஸ் போட்டால் கை நடுங்கும். அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்க என்னால் முடியவில்லை, தரையில் உருண்டு ஓடும். எனவே அம்மா அந்த வேலையை எடுத்துக்கொண்டாள். எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் எந்த அட்டை, எத்தனை என்பதை ஒரே தடவையில் மனப்பாடம் செய்துவிட்டாள். போன் எட்டு மணிக்குக் கூவும். அம்மா ஒரு கையில் மாத்திரைக் குவியலும் மறு கையில் சொம்புமாக வந்து நிற்பாள். பிரஷருக்கு, சர்க்கரைக்கு, வயிற்றுக்கு என்று அது ஒரு கை நிறைய. நான் அதைப் பார்க்கவே வெறுத்து, கண்ணை மூடி ஒரேயடியாக வாயில் கொட்டிக்கொள்வேன். ஒரு நாள்கூட எண்ணவில்லை.

மாசியில் பரிசோதனைக்குப் போனபோது ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவு வெகுவாக இறங்கியிருந்தது.

"மாத்திரை எதுனா விட்டீங்களா?"

"ஒரு வேளைகூட வுட்டதில்ல சார்."

டாக்டர் வேளைக்கு மூன்றாக இருந்ததை நாலாக ஆக்கினார். இரண்டு வாரம் கழித்துப் போனால் அளவு அசையவே இல்லை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உண்மையைச் சொல்லுங்கம்மா, கோவப்பட மாட்டேன்" என்றார். நான் கோபப்பட்டேன். என் ஃபைலை மேசைமேல் விட்டெறிந்தேன். கூட வந்த ஏழுமலை காகிதங்களைப் பொறுக்கினான். பொறுக்கும்போது அவன் கையும் நடுங்கியதைப் பார்த்தேன். வாயில் புண் என்று இரண்டு வாரமாகக் கஞ்சிதான் குடித்துக்கொண்டிருந்தான். வயிறு நிற்காமல் போனது, இருமல் விடவில்லை. ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்ததால்தான் இப்படி ஆனான் என்று அலமேலு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் டாக்டரிடம் தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தீர்ந்த அட்டைகளையெல்லாம் அடுத்த முறை கொண்டுவரச் சொன்னார்கள். கொண்டுபோய்க் காட்டினேன். எத்தனை காலியாக இருக்க வேண்டுமோ அத்தனையும் சரியாகக் காலியாக இருந்தன. டாக்டர் குழம்பினார்.

பங்குனி முதல் வாரம். அன்று காலையிலிருந்தே எனக்கு உடம்பு சுட்டது. அடிவயிற்றில் வலது பக்கம் கை வைத்தால் வலித்தது. இரண்டும் ஆபத்தான அறிகுறிகள் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். ஜீப்புக்குச் சொல்லிவிடச் சொல்லலாம் என்று நடுப்பகலில் தம்பி வீட்டுக்கு நடந்தேன். வாசலில் புளியம்பழம் மலையாகக் குவிந்திருந்தது. அதன் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டையால் தட்டி ஓடு நீக்கிக்கொண்டிருந்தான். நான் வருவதைப் பார்க்கவில்லை. மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். உள்ளே இரண்டு டாக்ரோலிமஸ், ஒரு மைக்கோபினோலேட். அந்த மாத்திரைகள் எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும்.

"இன்னாடா அது?"

"மாத்திரைக்கா. காலைல போட மறந்துட்டேன்."

"யாரு மாத்திரை?"

அவன் ஏதோ சொல்ல வந்தான், நான் கேட்கவில்லை. வெளியில் வாங்கினால் அந்த மாத்திரையின் விலை எனக்குத் தெரியும். திருடி விற்கிறான் என்று ஒரு நொடியில் முடிவு கட்டிவிட்டேன். அளவு இறங்கியது, டாக்டர் என்னைப் பொய்க்காரி என்று பார்த்தது எல்லாம் சேர்ந்து தலைக்கு ஏறியது. கீழே கிடந்த புளி தட்டும் கட்டையை எடுத்தேன். முதல் அடி தோளில். இரண்டாவது அவன் தடுத்த முன்கையில், எலும்பு சத்தம் போட்டது. அவன் திருப்பி அடிக்கவில்லை. என்னைவிட இரண்டு மடங்கு பலம் உள்ளவன், கட்டையைப் பிடுங்கியிருக்கலாம். என் வயிற்றில் பட்டுவிடும் என்று பயந்திருக்கிறான். உட்கார்ந்தபடியே உடம்பைத் திருப்பி வலது விலாவைக் கையால் மூடினான்.

"அக்கா, இந்தப் பக்கம் வாணாம். இங்க ஒண்ணுதான் கீது."

நான் அங்கேதான் அடித்தேன். காதில் விழுந்து, புரிந்து, அதற்குப் பிறகு அடித்தேன். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை.

அம்மா ஓடி வந்தாள். "அவன அடிக்காதடி, நாந்தாண்டி கொடுத்தேன், நாந்தான்" என்று கத்திக்கொண்டே கட்டைக்கும் அவனுக்கும் நடுவில் விழுந்தாள்.

மலையில் ஏர் மாடு வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஜோடியில் ஒரு மாட்டுக்குச் சீக்கு என்று மூங்கில் குழாயில் மருந்து ஊற்றினால், நன்றாக இருக்கிற ஜோடி மாட்டுக்கும் அதே மருந்தை ஊற்றியாக வேண்டும். ஒன்றுக்கு மட்டும் ஊற்றினால் மற்றது சளைத்துப்போகும், நுகத்தடி ஒரு பக்கமாகச் சாயும் என்பார்கள். அம்மா வாழ்நாள் முழுக்க மாட்டுக்கு அப்படித்தான் செய்திருக்கிறாள்.

"உனுக்கும் ஒரு கிட்னி, அவனுக்கும் ஒரு கிட்னி. ஜோடியப் பிரிச்சு ஆளுக்கு ஒண்ணு வெச்சுக்கினீங்க. மாத்திரைய மட்டும் உனுக்கே கொடுத்தா அவனுது இன்னா ஆவும்? டாக்டரு அவனுக்கு ஒண்ணுமே எழுதல. அவன யாருமே பாக்கல. அதான் பங்கு போட்டேன்."

வேளைக்கு மூன்று டாக்ரோலிமஸில் இரண்டு எனக்கு, ஒன்று அவனுக்கு. டாக்டர் நாலாக்கியதும் ஆளுக்கு இரண்டு. மைக்கோபினோலேட்டிலும் சரிபாதி. உனக்கும் ஆஸ்பத்திரியில் எழுதியிருக்கிறார்கள் என்று அவனிடம் சொல்லியிருக்கிறாள், அவன் நம்பி விழுங்கியிருக்கிறான். ஸ்டீராய்டு வேளைக்கு ஒன்றுதான் என்பதால் அதைப் பிரிக்கவில்லை. அது மட்டும் எனக்கு முழுசாக வந்துகொண்டிருந்தது.

கேட்டதும் நான் அடங்கினேன் என்று எழுத ஆசைதான். நான் அம்மாவின் மேல் கட்டையை ஓங்கினேன். ஏழுமலை தரையில் கிடந்தபடியே என் கணுக்காலைப் பிடித்து இழுத்தான். புளிக் குவியலின் மேல் விழுந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. பிறகு அவன் வேலியோரம் போய்விட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தான்.

"அக்கா, ஒண்ணுக்குச் செவப்பாப் போவுது."

ஒரே ஜீப்பில்தான் இறங்கினோம். நடுவில் அம்மா, இரு பக்கமும் நாங்கள். ஒவ்வொரு வளைவிலும் அவன் முனகினான். எனக்குக் காய்ச்சலில் பல் அடித்துக்கொண்டது. அவனுடைய இரண்டு சிறுநீரகமும் அந்த ஜீப்பில்தான் இருந்தன, இரண்டையும் கெடுத்தது நான்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவசரப் பிரிவில் இளம் டாக்டர் அவன் சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு எப்படி ஆச்சு என்றார்.

"புளிய மரத்துல ஏறுனேன் சார். வுழுந்துட்டேன்."

டாக்டர் கட்டையின் தடத்தை விரலால் அளந்தார். பக்கத்துப் படுக்கையிலிருந்து நான் சொன்னேன்.

"பொய் சொல்றான் சார். நாந்தான் அடிச்சேன். நாலு அடி. ரெண்டு அங்கயே."

போலீஸ்காரர் வந்தார். ஏழுமலை வழக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தான். முன்கை எலும்பில் விரிசல். ஸ்கேனில் சிறுநீரகம் கன்றிப்போய் ஓரமாகக் கிழிந்து, சுற்றிலும் ரத்தம் தேங்கியிருந்தது. ஆபரேஷன் உடனே வேண்டாம், அசையாமல் படுத்திருக்கட்டும், மூத்திரம் தெளிகிறதா பார்க்கலாம், தெளியாமல் ரத்தம் கூடினால் எடுக்க வேண்டியதுகூட வரலாம் என்றார்கள். எடுத்துவிட்டால் அவனுக்கு ஒன்றும் மிச்சமில்லை. அவன் அம்மாவிடம் வாங்கி விழுங்கிய மாத்திரைகளும் ஒற்றைச் சிறுநீரகத்துக்குக் கெடுதல், அவனுடைய காவல் நாய்களும் காரணமில்லாமல் கட்டப்பட்டிருந்தன, அதனால்தான் அந்தப் புண்ணும் இருமலும் என்றார்கள்.

ஸ்ட்ரெச்சரில் என்னை வராந்தாவில் நிறுத்தி வைத்திருந்தபோது அலமேலு வந்து சேர்ந்தாள். "அண்ணி" என்று மரியாதையாகக் கூப்பிட்டாள். நான் திரும்பினேன். கன்னத்தில் அறைந்தாள். இன்னொன்று. அங்கிருந்தவர்கள் பாய்ந்து பிடித்தார்கள். விடச் சொன்னேன்.

"அவரு கொடுத்தத நீ வெச்சுக்க. மீதி இருக்கறது என்னுது. அதத் தொடாத" என்றாள்.

எனக்கு பயாப்ஸி செய்தார்கள். வயிற்றின் மேலிருந்து ஊசியைச் செலுத்திச் சிறுநீரகத்தில் ஒரு துணுக்கை எடுப்பது. ஆணி அடிக்கிற இயந்திரம்போல ஒரு சத்தம், அவ்வளவுதான். முடிவு வந்தது: நிராகரிப்பு. என் உடம்பு அந்தச் சிறுநீரகத்தைக் குதறத் தொடங்கிவிட்டது. மூன்று நாள் ஸ்டீராய்டை மாத்திரையாக அல்லாமல் நேராக ரத்தத்தில் இறக்கினார்கள். அந்த மூன்று நாளும் நான் மனுஷி இல்லை. துடைக்க வந்த ஆயாவை அறைந்தேன். அறைந்த கையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, சிஸ்டரைக் கூப்பிட்டுக் கட்டிலோடு கட்டிவிடச் சொன்னேன். "நிஜமாவாம்மா?" என்று கேட்டார். நிஜமாகத்தான். துணிப்பட்டையால் கட்டினார். அன்று கொஞ்சம் தூங்கினேன்.

அதிலும் சரியாகவில்லை. அடுத்து ஒரு மருந்து, முயலின் ரத்தத்திலிருந்து எடுப்பார்களாம். நாய்களைக் கட்டிப்போடுவதற்குப் பதில் கொன்றுவிடும் மருந்து. அது சொட்டு சொட்டாக ஏறத் தொடங்கிய அரைமணியில் குளிர் வந்தது. அதைக் குளிர் என்று சொல்லக் கூடாது. கட்டில் சுவரில் போய் இடித்தது. மூன்று பேர் மேலே அமுக்கினார்கள். பல் நாக்கைக் கடித்து வாயெல்லாம் ரத்தம். எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தை எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்தேன், கடைசியில் என் பெயரையே சொல்லித் திட்டினேன். இப்படி ஐந்து நாள்.

ஏழுமலை மேல் மாடியில் இருந்தான். அம்மாவை யாரும் திட்டவில்லை. சிஸ்டர் மட்டும் அவளை உட்கார வைத்து, மாத்திரை சிறுநீரகத்துக்கு இல்லை, உன் மகள் உடம்பில் இருக்கிற நாய்களுக்கு என்று ஒரு மணி நேரம் பொறுமையாக விளக்கினார். அம்மா முழுவதும் கேட்டுவிட்டு, "என்னியத்தான் கட்டிப் போட்டிருக்கணும்" என்றாள். அதற்குப் பிறகு அவள் ஒரு வேலையை எடுத்துக்கொண்டாள். மாடிப்படியில் நாளைக்கு ஆறு தடவை ஏறி இறங்குவாள். மேலே அவன் பையின் நிறத்தைப் பார்த்து வந்து என்னிடம் சொல்வாள், என் பையைப் பார்த்துப் போய் அவனிடம் சொல்வாள். "செவப்புதான்." "கொஞ்சம் பழுப்பு." "டீத் தண்ணி." ஆறாவது நாள் மூச்சு வாங்க வந்து நின்று, "மஞ்சா" என்றாள். கையை இன்னமும் கட்டிப் போட்டிருந்ததால் என்னால் முகத்தைத் துடைக்க முடியவில்லை, அவள்தான் துடைத்தாள். என் பை நிறைய இன்னும் ஒரு வாரம் ஆனது.

கிரியாட்டினின் என்பது ரத்தத்தில் தேங்குகிற கழிவின் அளவு. எனக்கு நாலுக்கு ஏறியது ஒன்று புள்ளி ஏழில் வந்து நின்றது. பழைய நிலைக்குப் போகாது, ஆனால் ஓடும் என்றார்கள். வீட்டுக்கு அனுப்புகிற நாளில் டாக்டர் எங்கள் இருவரையும் ஒன்றாக உட்கார வைத்து, ஸ்டீராய்டு இன்னும் சில மாதம் கூடுதலாகவே போகும், கோபம் மறுபடி வரும், வீட்டில் ஜாக்கிரதை என்றார். "அதெல்லாம் மாத்திரைதான் செய்யுது, அக்காவைத் தப்பா நினைக்காதீங்க" என்று அவனிடம் ஆறுதலாகச் சொன்னார்.

ஏழுமலை தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "மாத்திரை போடறதுக்கு மின்னாடியும் அடிக்கும் சார். அப்போ எனக்கு ரெண்டு இருந்திச்சு."

அவன் குற்றம் சொல்லவில்லை. இருந்ததைச் சொன்னான். நான் கெட்டியாகப் பிடித்து வைத்திருந்த சாக்கு அத்தோடு போயிற்று.

இந்த மாத்திரையோடு வாழப்போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்வது இதுதான். கை நடுங்கினாலும் நீங்களே எண்ணுங்கள். மாத்திரை எதற்கு, யாருக்கு என்பதை வீட்டில் எல்லாருக்கும், முக்கியமாகக் கொடுத்தவருக்கும் அவர் வீட்டுக்கும் சொல்லுங்கள். கொடுத்தவரையும் டாக்டரிடம் பேச விடுங்கள், அவரும் நோயாளிதான். கோபம் வந்தால் அது யாருடையது என்று பிறகு கண்டுபிடித்துக்கொள்ளலாம், முதலில் கையில் இருப்பதைக் கீழே போடுங்கள்.

மலைக்கு வந்ததும் நானே அலமேலு வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றுகொண்டு, இனிமேல் மாத்திரையை நீ எடுத்து வை என்று கேட்டேன்.

"நான் எதுக்கு?"

"நீதான் ஒண்ணுகூட அவனுக்குக் கொடுக்க மாட்ட. எனக்குக் கொறைக்கவும் மாட்ட, கொறைச்சா உம் புருஷன் கிட்னி கெட்டுடும்."

"வெக்கறேன். கை ஓங்குனா திருப்பி அடிப்பேன்."

"அடி."

காலையும் இரவும் எட்டு மணிக்கு வருகிறாள். தட்டில் வைத்து, வாய்விட்டு எண்ணி, என் முன்னால் தள்ளிவிட்டு இரண்டு எட்டு பின்னால் போய் நிற்கிறாள். நான் மறுபடி எண்ணி விழுங்குகிறேன். இருவரும் பேசிக்கொள்வதில்லை. ஒரு வேளைகூடத் தவறவில்லை.

போன வாரம் பரிசோதனைக்கு நானும் ஏழுமலையும் சேர்ந்து போனோம். அவனுக்கும் இப்போது சோதிக்கிறார்கள். ரத்தம் கொடுத்துவிட்டு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். டாக்ரோலிமஸ் அளவு சரியாக இருக்கிறது, நிராகரிப்பு அடங்கிவிட்டது, தம்பியின் சிறுநீரகத்தை உங்கள் உடம்பு ஏற்றுக்கொண்டுவிட்டது என்று டாக்டர் சிரித்தார். அவனுடையதும் ஆறிவிட்டதாம். நாங்களும் சிரித்தோம். அவன் எனக்கு டீ வாங்கி வந்து, ஆற்றி, கையில் கொடுத்தான். மின்விசிறிக் காற்றில் என் முடி கண்ணில் விழுந்தது. ஒதுக்கிவிட நான் வலது கையைத் தூக்கினேன். அவன் என் பக்கம் பார்க்கக்கூட இல்லை, சுவரில் இருந்த டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் அவன் முழங்கை சட்டென்று மடங்கி வலது விலாவை மூடிக்கொண்டது. நான் கையை மெதுவாக இறக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.